சம்பந்தி வீட்டுக் காரும் பத்தாம் நம்பர் நட்டும்

எண்ணுகிற பழக்கம் உள்ளவர்களை நம்பக் கூடாது. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன் என்பதால் உரிமையோடு சொல்கிறேன். எண்ணத் தெரிந்தவனுக்கு எல்லாம் தெரியும் என்று ஊர் நினைத்துக்கொள்கிறது. அதைவிட மோசம், அவனே அப்படி நினைத்துக்கொள்கிறான்.

பண்டகசாலை ஒன்றில் முப்பத்து நான்கு வருடம் சரக்கு எண்ணி ஓய்வு பெற்றவன் நான். ஓய்வு வேலைக்குத்தான், எண்ணிக்கைக்கு இல்லை. விளாங்குடியில் எங்கள் வீட்டு மாடிக்குப் பதினேழு படி. வாசலிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு முந்நூற்று நாற்பது தப்படி (மழை பெய்தால் குட்டையைச் சுற்ற வேண்டும், முந்நூற்று எழுபத்தொன்று). என் மனைவி சரசு என்னைப் பார்த்து "ஒங்களுக்கு வேற சோலியே இல்லையா?" என்று கேட்பது ஒரு நாளைக்குச் சராசரியாக ஆறு முறை. அதையும் எண்ணித்தான் சொல்கிறேன்.

இப்படிப்பட்ட நான், நான்கு வருடங்களுக்கு முன் ஓர் ஆயுத பூசையன்று, என் சம்பந்தியின் கார் என்ஜினுக்குள் ஒரு பொருளைப் போட்டேன். அப்போது எனக்கு வயது அறுபத்தாறு. அறியாத வயது என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

சம்பந்தி செல்லப்பாண்டி ஒத்தக்கடையில் இருக்கிறார். மின்சாரத் துறையில் கம்பத்தில் ஏறி ஏறி மேலே வந்தவர். என் ஒரே மகள் வளர்மதியை அவருடைய மகனுக்குத்தான் கொடுத்திருக்கிறேன். மாப்பிள்ளைக்குக் கோயம்புத்தூரில் வேலை. வாரக் கடைசியில் வருவார். வளர்மதி ஒத்தக்கடையில் மாமனார் மாமியாரோடு இருந்துகொண்டு, நாகமலை புதுக்கோட்டை பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். மதுரைக்கு ஒரு கோடியிலிருந்து மறு கோடி. போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். வாரத்துக்கு இருபது பஸ். (அவள் சொல்லி அழவில்லை. நான்தான் எண்ணி எண்ணி அழுதேன்.)

வீட்டு வாசலிலோ ஒரு வெள்ளைக் கார் போர்வை போர்த்திக்கொண்டு நின்றது. ஏழு வயது வண்டி. சம்பந்தி அதை ஓட்டியதைவிடத் துடைத்த நேரம்தான் அதிகம். வளர்மதி முறையாகக் கார் ஓட்டப் பழகி உரிமமும் வாங்கிவிட்டாள். "மாமா, கார எடுத்துட்டுப் போகட்டுமா?" என்று கேட்டாள். "அடுத்த வாரம் பாப்பம்மா" என்றார். அடுத்த வாரம் ஆடி வந்தது. ஆடி போனது. பிறகு மழை, பிறகு டயர், பிறகு "வண்டிக்கு ரெஸ்ட் குடுத்திருக்கேன்." கடைசியில் மாப்பிள்ளை போனில் சத்தம் போட்டு, சம்பந்தியம்மாள் பேச்சியம்மாள் வீட்டில் சத்தம் போட்டு, ஆயுத பூசையன்று சாவியை மருமகள் கையில் கொடுத்துவிடுவது என்று முடிவானது. பூசை முடிந்ததும் வளர்மதியே வண்டியை எடுத்து எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்ற வேண்டும். அன்றிலிருந்து கார் அவளுடையது. (மாப்பிள்ளைக்கு மட்டும் அன்று லீவு கிடைக்கவில்லை.)

அதைப் பார்க்கத்தான் நானும் சரசுவும் விளாங்குடியிலிருந்து கிளம்பினோம். இரண்டு பஸ்.

போய் இறங்கியதும் வளர்மதி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அப்பா, இன்னைக்கு ஒருநா மட்டும் எதையும் எண்ணாதீங்க."

"எண்ணுனா என்னம்மா?"

"எண்ணுனா ஒண்ணு கொறையும். கொறைஞ்சா நீங்க தேடுவீங்க. தேடுனா மாமா டென்ஷனாவாரு. அவரே மூணு நாளா சரியாத் தூங்கல. சாவி கைக்கு வர்ற வரைக்கும் சும்மா ஒக்காந்து பொரி சாப்பிடுங்க."

பெற்ற மகள் இப்படிப் பேசலாமா என்று மனம் நொந்துபோனேன். நொந்தபடியே வேலையைத் தொடங்கினேன்.

முதல் வேலை, கார் கழுவுவது. சம்பந்தி காரை ஸ்டார்ட் பண்ணவில்லை. நானும் அவரும் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரும் சேர்ந்து தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போனோம். "பூசை முடியிற வரைக்கும் என்ஜின எழுப்பக் கூடாது சம்பந்தி" என்றார். இப்படி ஒரு சாத்திரம் எனக்குத் தெரியாது. ஆனால் சம்பந்தி சொன்னால் சாத்திரம்தான். கழுவி முடித்து, முன்னால் இரண்டு வாழைக்கன்றுகளைக் கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டினோம்.

இரண்டாவது வேலை, ஆயுதங்களை அடுக்குவது. ஸ்பேனர், ஸ்குரூ டிரைவர், கொறடு, சுத்தியல், அரிவாள்மனை, கத்தரிக்கோல் என்று முப்பத்தொன்று. (மகளுக்குக் கேட்காமல் எண்ணினேன்.) எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்துச் சாமி படத்துக்கு முன் பரப்பியாயிற்று. இனி மறுநாள் மறுபூசை முடியும்வரை ஒன்றையும் தொடக் கூடாது. கார் மட்டும் ஓடலாமா என்று கேட்காதீர்கள். ஸ்பேனருக்கு ஓய்வு உண்டு, காருக்கு இல்லை. இது மதுரை மாவட்டம் முழுவதும் ஏற்றுக்கொண்ட நியாயம்.

மூன்றாவது வேலை, காருக்குச் சந்தனப் பொட்டு. அதை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இங்கே என் மோதிரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கல்யாணத்தன்று சம்பந்திகள் இருவரும் ஒருவருக்கொருவர் மோதிரம் போட்டுக்கொண்டோம். அவர் எனக்குப் போட்டது பச்சைக்கல் வைத்தது. அன்று என் விரல் பருமனாக இருந்தது. பிறகு சர்க்கரை வந்தது, டாக்டர் வந்தார், விரல் இளைத்தது. மோதிரம் கழலாமல் இருக்கச் சரசு அதன் அடியில் மஞ்சள் நூல் சுற்றிக் கொடுத்திருந்தாள், பதினோரு சுற்று. அன்று காலை நூல் அழுக்காக இருக்கிறதே, சம்பந்தி பார்த்தால் என்ன நினைப்பார் என்று பிளேடால் அறுத்து எறிந்துவிட்டுத்தான் புறப்பட்டேன். மரியாதை தெரிந்தவன்.

பானெட்டைத் திறந்து ஆரம்பித்தேன். பேட்டரிக்கு ஒன்று, ரேடியேட்டருக்கு ஒன்று, கண்ணாடிகளுக்கு, விளக்குகளுக்கு, சக்கரங்களுக்கு. எல்லாம் முடிந்து எண்ணிப் பார்த்தால் இருபது.

இருபது இரட்டைப்படை. சுபகாரியத்துக்கு ஆகாது.

வேறொருவனாக இருந்தால் எண்ணியிருக்கவே மாட்டான். எண்ணினாலும் நம்பர் பிளேட்டில் இன்னொன்று வைத்துவிட்டுப் போயிருப்பான். நான் யோசித்தேன். மனிதனுக்கு வாய் எப்படியோ அப்படி என்ஜினுக்கு ஆயில் ஊற்றும் துவாரம். மற்ற எல்லா இடத்துக்கும் பொட்டு வைத்துவிட்டு வாய்க்கு வைக்காமல் விடலாமா? (யாராவது வாயில் பொட்டு வைப்பார்களா என்று அந்த நேரத்தில் தோன்றவில்லை.) ஆயில் மூடியைத் திருகி எடுத்தேன். மோதிர விரலைச் சந்தனத்தில் நன்றாகத் தோய்த்துத் துவாரத்தின் விளிம்பில் இருபத்தொன்றாவது பொட்டை வைத்தேன்.

பொட்டு விளிம்பில் நின்றது. மோதிரம் நிற்கவில்லை. சந்தனத்தில் வழுக்கி, விரலை விட்டு, துவாரத்துக்குள் போயிற்று. உள்ளே மூன்று சத்தம் கேட்டது: டிங், டிங், டொக்.

நான் முதலில் செய்தது மூடியை மூடியது. யாரும் பார்க்கவில்லை என்பதை உறுதி செய்துகொண்டு, இடது கையை வலது கைமேல் வைத்துக்கொண்டு, பவ்யமாக நின்றேன். சொல்லிவிடலாமா? எப்படிச் சொல்வது? "சம்பந்தி, நீங்க போட்ட மோதிரத்த ஒங்க என்ஜினுக்கே திருப்பிப் போட்டுட்டேன்" என்றா? இதைக் கேட்டால் அந்த மனிதர் சாவியைக் கொடுப்பாரா? "அப்பன் பொட்டு வச்சதுக்கே இப்படின்னா மக ஓட்டுனா என்னாகும்" என்று நினைக்க மாட்டாரா? இன்னும் பத்து மாதம் போர்வை. வாரத்துக்கு இருபது பஸ்.

சொல்லாமல் எடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். எல்லோரும் உள்ளே சுண்டல் தாளித்துக்கொண்டிருந்த நேரம், மறுபடி மூடியைத் திறந்து, கையில் கிடைத்த ஊதுபத்திக் குச்சியை உள்ளே விட்டுத் துழாவினேன். எதிலோ மாட்டியது. மாட்டிவிட்டது என்று சந்தோஷமாக இழுத்தேன். பாதிக் குச்சி கையோடு வந்தது.

இப்போது உள்ளே இரண்டு.

அதற்குள் பேச்சியம்மாள் சூடத்தட்டோடு வந்துவிட்டார்கள். தட்டில் சாவி. வளர்மதி பட்டுச் சேலையில் நின்றாள். சூடம் காட்டியாயிற்று. நான்கு சக்கரங்களுக்கும் முன்னால் நான்கு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. இனி அவள் ஏறிச் சாவியைத் திருக வேண்டியதுதான். திருகினால் என்ஜினுக்குள் பச்சைக்கல் மோதிரமும் பாதி ஊதுபத்தியும் என்னென்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. நல்லது செய்யாது என்று மட்டும் தெரியும்.

"கொஞ்சம் பொறுங்க" என்றேன். "இப்ப எமகண்டம் ஓடுது. இன்னும் பதினாலு நிமிஷம் இருக்கு."

எமகண்டம் எப்போதோ முடிந்துவிட்டது. காலண்டர் சுவரில் தொங்குகிறது. சம்பந்தி உள்ளே போய்க் காலண்டரைப் பார்த்தார். மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். திரும்பி வந்தவர், "ஆமா, சம்பந்தி சொல்றது சரிதான். பதினாலு என்ன, ஒரு இருவது நிமிஷமே இருக்கும்" என்றார்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. என்ன பெருந்தன்மை! சம்பந்தி சொன்ன சொல்லைக் காலண்டரே மறுத்தாலும் தான் மறுக்க மாட்டேன் என்கிறாரே!

இருபது நிமிடமும் போயிற்று. வளர்மதி மறுபடி கார்க் கதவில் கையை வைத்தாள். எனக்கு வேறு காரணம் தேவைப்பட்டது.

"எலுமிச்சம்பழம் எத்தன வச்சிருக்கீங்க?"

"நாலு சக்கரத்துக்கு நாலு" என்றார்கள் பேச்சியம்மாள்.

"சக்கரம் அஞ்சாச்சே. டிக்கியில ஸ்டெப்னி இருக்குல்ல? அதுவும் சக்கரந்தான?"

சரசு என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் வடிக்க முடியாது. வளர்மதி கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் சம்பந்தி துள்ளிக் குதித்துக்கொண்டு ஆதரித்தார்.

"அதான! நம்ம யாருக்காச்சும் தோணுச்சா? நாலு பழம் நசுங்கி ஒண்ணு நசுங்காமப் போனா குத்தம் வந்து சேரும். நானே போயி வாங்கிட்டு வாரேன்."

"தெருமுக்குக் கடையில இருக்குங்க மாமா, ரெண்டு நிமிஷம்" என்றாள் வளர்மதி.

"தெருமுக்குல நல்லா இருக்காதும்மா. நான் மார்க்கெட் வரைக்கும் போறேன்" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவர், வர முக்கால் மணி நேரமாயிற்று. அந்த முக்கால் மணி நேரமும் என்னைத் தனியாக விடாமல் பேச்சியம்மாள் எதிரே உட்கார்ந்து, சம்பந்தி வீட்டு மரியாதைப்படி மூன்று முறை சுண்டல் பரிமாறினார்கள். இடது கையால் சாப்பிட முடியாது. வலது கையை வெளியே காட்ட முடியாது. துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு சாப்பிட்டேன். "கையில என்னங்க?" என்றாள் சரசு. "நரம்பு இழுக்குது" என்றேன். அன்றைய பொய்களில் அது இரண்டாவது.

ஐந்தாவது பழம் டிக்கியில் ஸ்டெப்னிக்குக் கீழே மரியாதையாக வைக்கப்பட்டது. வளர்மதி ஏறி உட்கார்ந்தாள். பெல்ட் போட்டாள். சாவியைச் செருகினாள்.

"நிறுத்து!"

என் தொண்டையிலிருந்து அவ்வளவு பெரிய சத்தம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. எதிர் வீட்டில் உடைக்க எடுத்த பூசணிக்காயைக் கீழே வைத்துவிட்டார்கள்.

"என்ஜினுக்குள்ள... ஒண்ணு விழுந்திருச்சு."

"என்னது?" என்று நான்கு பேரும் கேட்டார்கள்.

மோதிரம் என்று சொல்ல வாய் வரவில்லை. "ஒரு... நட்டு" என்றேன். மூன்றாவது பொய்.

சம்பந்தியின் முகம் வெளுத்துவிட்டது. நான் எதிர்பார்த்தது கோபத்தை. அவரோ பயந்தவர் போல மெதுவாகக் கேட்டார்.

"நட்டா? எம்புட்டுப் பெருசு?"

சுண்டு விரல் நகத்தைக் காட்டினேன்.

"பத்தாம் நம்பர் நட்டா?"

"ஆமா சம்பந்தி. பத்துதான்." நட்டுக்கு நம்பர் உண்டு என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

"நீங்க... நீங்கதான் போட்டீங்களா? நல்லாத் தெரியுமா?"

"நான்தான். பொட்டு வைக்கிறப்ப."

அவர் நீளமாக மூச்சு விட்டார். "போகட்டும் விடுங்க சம்பந்தி. மனுசன்னா கை தவறத்தான் செய்யும்" என்று என் முதுகில் தட்டிக்கொடுத்தார். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இப்படி ஒரு சம்பந்தி யாருக்குக் கிடைப்பார்!

இரண்டு தெரு தள்ளி மெக்கானிக் கருப்பையா இருக்கிறார். வேட்டியும் நெற்றி நிறைய விபூதியுமாக, வாயில் பொரியோடு வந்தார். டார்ச் அடித்துப் பார்த்தார்.

"மேல மூடியக் கழட்டுனாத் தெரிஞ்சிரும்யா. பத்து நிமிச வேல. ஆனா இன்னைக்கு முடியாது."

"ஏன்?"

"ஸ்பேனரெல்லாம் சாமிகிட்ட இருக்கு. நாளைக்கு மறுபூசை முடிஞ்சுதான் எடுப்பேன்."

"நம்ம வீட்டு ஸ்பேனரு இருக்கே" என்றாள் வளர்மதி.

"அதுவும் சாமிகிட்டதான் இருக்கு" என்றார்கள் பேச்சியம்மாள், குரலிலேயே கதவைச் சாத்தி. "பொட்டு வச்சத எவனாச்சும் தொட்டா நான் பொல்லாதவளாயிருவேன்."

முப்பத்தொரு ஆயுதமும் கண்ணெதிரே பளபளவென்று படுத்திருந்தன. துடைத்து அடுக்கியவன் நான். அவ்வளவு பக்தியாக அடுக்கியிருக்க வேண்டாம்.

கருப்பையா தலையைச் சொறிந்தார். பிறகு வீட்டுக்குப் போய் ஒரு சாமானோடு வந்தார். பழைய ரேடியோவின் ஏரியல் கம்பி. அதன் நுனியில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு காந்தத்தை ஒட்டியிருந்தார்.

"இது ஆயுதம் இல்லையா?" என்று பேச்சியம்மாள் சந்தேகப்பட்டார்கள்.

"இல்லக்கா. இது ரேடியோ சாமான். பூசைக்கு வைக்கல."

காந்தம் உள்ளே போயிற்று. உள்ளே எல்லாம் இரும்பு. போகிற வழியெல்லாம் ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்றது. கருப்பையா கண்ணை மூடிக்கொண்டு, மருத்துவர் நாடி பார்ப்பதுபோல் கம்பியைத் திருப்பித் திருப்பித் துழாவினார். "நட்டுதானங்கய்யா? இரும்பு நட்டுதான?" என்று இரண்டு முறை கேட்டார். "இரும்புதான்" என்று இரண்டு முறை சொன்னேன். தங்கத்தைக் காந்தத்தால் தேடும் மனிதரை வேர்க்க விறுவிறுக்கப் பார்த்துக்கொண்டு நிற்பதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. அவருக்குப் பொரியில் பங்கு போட்டுக்கொடுத்தேன். விசிறினேன்.

ஒரு மணி நேரம் தேடிவிட்டு, ஒன்றும் இல்லை என்று கையை உதறிவிடுவார் என்பதுதான் என் கணக்கு. இருபத்தோரு நிமிடம் ஆகியிருக்கும். "டக்" என்று ஒரு சத்தம்.

"சிக்கிருச்சு!" என்றார் கருப்பையா.

கம்பியை மெல்ல வெளியே இழுத்தார். நுனியில் கன்னங்கரேல் என்று ஆயில் சொட்டச் சொட்ட, ஒரு நட்டு.

பத்தாம் நம்பர் நட்டு.

நான் போடாத நட்டு. நான் வாயால் சொன்ன, உலகத்தில் இல்லாத நட்டு. என் பொய்யைக் காப்பாற்றச் சாமியே இறங்கி வந்துவிட்டாரா? பேச்சியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சரசு கும்பிட்டாள். சம்பந்தி மட்டும் வாழைக்கன்றின் இலைகளை ஒவ்வொன்றாகத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"அப்பறமென்ன, எடும்மா வண்டிய" என்றார்கள் பேச்சியம்மாள்.

வளர்மதி சிரித்துக்கொண்டே ஏறினாள். காலையிலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான்.

எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டால் போதும். நட்டு கிடைத்துவிட்டது, வழக்கு முடிந்துவிட்டது. மோதிரம் பஸ்ஸில் தொலைந்துவிட்டது என்று அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் இன்றோ நாளையோ அந்த என்ஜின் நாகமலை ரோட்டில் உடைந்து நின்றால், எல்லோரும் யாரைச் சொல்வார்கள்? "பொண்ணு கைக்குப் போச்சு, போன அன்னைக்கே போச்சு" என்பார்கள். என்னைச் சொல்ல மாட்டார்கள். நான் விளாங்குடியில் மாடிப்படி எண்ணிக்கொண்டிருப்பேன்.

அவள் கை சாவியில் இருந்தது.

"இன்னும் இருக்கு" என்றேன்.

"இன்னொரு நட்டாய்யா?" என்றார் கருப்பையா.

"இல்ல. ஒரு மோதிரம். அப்பறம் பாதி ஊதுபத்திக் குச்சி."

துண்டை அவிழ்த்து வெறும் விரலைக் காட்டினேன். எதிர் வீட்டுக்காரர்கள் பூசணிக்காயை மறந்துவிட்டு எங்கள் பக்கம் வந்துவிட்டார்கள்.

"ஏய்யா," என்றார் கருப்பையா, அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல், "காந்தத்துல தங்கம் ஒட்டுமாய்யா? மோதிரம்னு மொதல்லயே சொல்லியிருந்தா கம்பிய வளைச்சு மாட்டி எடுத்திருப்பேனே! ஓட்ட இருக்குற சாமான்ய்யா அது!"

வாழைக்கன்றைக் கட்டியிருந்த கட்டுக்கம்பியில் ஒரு முழம் அவிழ்த்து, நுனியைக் கொக்கியாக வளைத்து உள்ளே விட்டார். சரியாக இரண்டரை நிமிடம். மோதிரம் ஆயிலில் குளித்துக்கொண்டு வந்தது. இன்னொரு தடவை விட்டார். ஊதுபத்திக் குச்சி வந்தது. மடியில் செருகி வைத்திருந்த பாதியோடு வைத்துப் பொருத்திப் பார்த்தேன். சரியாக இருந்தது. (அந்த நிலையிலும் சரிபார்த்தேன். சரசு அதை இன்றுவரை மன்னிக்கவில்லை.)

என்மேல் விழப்போகும் இடிக்காகத் தலையைக் குனிந்து நின்றேன். அப்போது பேச்சியம்மாள் ஒரு கேள்வி கேட்டார்கள். அமைதியாகத்தான் கேட்டார்கள்.

"அப்ப அந்த நட்டு யாரோடது?"

கருப்பையா நட்டை விரலில் உருட்டிப் பார்த்தார். "இது இன்னைக்கு விழுந்ததில்லக்கா. நல்லா ஊறிக் கெடக்கு. ரெண்டு மூணு மாசமாச்சும் இருக்கும்."

எல்லோரும் சம்பந்தியைப் பார்த்தோம். அவர் வாழைக்கன்றின் கடைசி இலையையும் தடவி முடித்துவிட்டார். இனித் தடவ இலை இல்லை.

"ஏர் பில்டர் மூடியில ஒரு நட்டு லூசா இருந்துச்சு" என்றார் வாழைக்கன்றிடம். "முறுக்கலாம்னு போனேன். ஆயிலும் பாத்துருவோம்னு அந்த மூடியையும் தொறந்து வச்சிருந்தேன்..."

"எப்ப?"

"ஆடிக்கு முந்தி."

"ஆடிக்கு முந்தியா!" என்றார்கள் பேச்சியம்மாள். "மூணு மாசமா இந்தப் புள்ளைக்கு அடுத்த வாரம் அடுத்த வாரம்னு சொன்னது இதுக்குத்தானா? ரெஸ்ட்டு, ரெஸ்ட்டுன்னது இதுக்குத்தானா?"

"மெக்கானிக்கிட்ட சொல்லக் கூச்சமா இருந்துச்சுல்ல. முப்பது வருசம் லைன்ல வேல பாத்தவன், ஒரு நட்ட உள்ள போட்டுட்டான்னு ஊரே சிரிக்கும்ல?"

அப்போதுதான் எனக்குக் காரை ஏன் தள்ளினோம் என்று புரிந்தது. பதினாலு நிமிட எமகண்டம் ஏன் இருபதாயிற்று, தெருமுக்கு எலுமிச்சம்பழம் ஏன் மார்க்கெட்டுக்குப் போயிற்று என்றும் புரிந்தது. நான் ஒரு பக்கம் பிடித்து இழுத்தேன், அவர் மறுபக்கம் பிடித்துத் தள்ளினார். இரண்டு பேரும் ஒரே காரைத்தான் நிறுத்திக்கொண்டிருந்தோம். நான் "நட்டு" என்று அலறியபோது அவருக்கு முகம் வெளுத்ததும், "நான்தான் போட்டேன்" என்றபோது உயிர் வந்ததும் கணக்குக்குச் சரியாக வந்தன. முதுகில் தட்டிக்கொடுத்தாரே, அது பெருந்தன்மை இல்லை. நன்றி.

வளர்மதி காரைவிட்டு இறங்கினாள். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். வகுப்பில் காப்பியடித்த இரண்டு பேரைப் பிடித்தால் அப்படித்தான் பார்ப்பாள் போலும்.

"மாமா, நான் ஓட்டுறது சரியில்லன்னு நெனச்சுத்தான் தரமாட்றீங்கன்னு இருந்தேன். மூணு மாசமா பஸ்ஸுல நின்னுக்கிட்டே அதத்தான் நெனச்சேன்."

"ஐயோ, இல்லம்மா. நீ நல்லா ஓட்டுவ. ஓட்டுறப்ப நட்டு உள்ள எதையாச்சும் ஒடச்சு நடுரோட்டுல நின்னுட்டா என்ன பண்ணுவன்னுதான்..."

என் மனதில் ஓடிய அதே வார்த்தைகள். அந்த மனிதரைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது. ஆயில் கையாக இருந்ததால் பிடிக்கவில்லை.

"ரெண்டு பேரும் அந்தப் பக்கம் தள்ளி நில்லுங்க" என்றாள் வளர்மதி. "இன்னும் தள்ளி. பானெட்டுக்கு எட்டாத தூரத்துல."

நின்றோம். அவள் ஏறினாள். மூன்று மாதம் தூங்கிய என்ஜின் மூன்று முறை இருமிவிட்டு நான்காவது முறை எழுந்தது. நான்கு எலுமிச்சம்பழமும் ஒரே நேரத்தில் நசுங்கின. ஒன்று பட்டென்று தெறித்து என் வேட்டியில் அடித்தது. கார் தெருமுக்கில் திரும்பி மெயின் ரோட்டுக்குப் போய் மறைந்தது. அரை மணி நேரம் கழித்துத்தான் வந்தாள். அதற்குப் பிறகு அந்தச் சாவியை எங்கள் இருவரில் எவரும் தொட்டதில்லை.

ஐந்தாவது பழத்தை எல்லோரும் மறந்துவிட்டோம். மூன்று வாரம் கழித்துக் காருக்குள் எலி செத்துக் கிடக்கிறது என்று வளர்மதி சீட்டையெல்லாம் தூக்கித் தேடியிருக்கிறாள். கடைசியில் ஸ்டெப்னிக்கு அடியில் அழுகிய பழம்தான் கிடைத்தது.

அந்த நட்டு இப்போது சம்பந்தி வீட்டுப் பூசை அலமாரியில் இருக்கிறது. ஆயுத பூசைக்கு முப்பத்திரண்டாவது ஆயுதமாக அதற்கும் பேச்சியம்மாள் ஒரு பொட்டு வைக்கிறார்கள், புருசன் பார்க்கும்படியாக. காருக்குப் பொட்டு வைக்கும் உரிமை எங்கள் இருவருக்கும் டயரோடு சரி. அதற்கும் முன்னால் வளர்மதி, "ரெண்டு பேரும் கைய நீட்டுங்க" என்பாள். மோதிரம், கடிகாரம் எல்லாம் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டுத்தான் சந்தனத்தைத் தொடலாம். இரண்டு வீட்டிலும் என்ன தொலைந்தாலும், ஊசியாகட்டும் ரேஷன் கார்டாகட்டும், முதலில் யாராவது ஒருவர் "என்ஜினுக்குள்ள பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் தேடத் தொடங்குகிறார்கள். மாப்பிள்ளை கோயம்புத்தூரில் தன் ஆபீஸ் முழுக்க இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார். உள்ளே போனது இரண்டு, வெளியே வந்தது மூன்று என்பதில் அவர்களுக்கெல்லாம் அப்படி ஒரு சிரிப்பாம்.

கருப்பையா வளைத்த அந்தக் கட்டுக்கம்பிக் கொக்கியை நான் கேட்டு வாங்கி வந்துவிட்டேன். எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. எதற்கு என்று சரசு எத்தனையோ முறை கேட்டுவிட்டாள். (நாற்பத்தாறு.)

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் கார் வந்து நின்றது. வளர்மதி மட்டும் தனியாக வந்திருந்தாள். அம்மா எங்கே என்று பார்த்தாள். மாடியில் வடகம் காயப்போடுகிறாள் என்றேன். உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"அப்பா, அந்தக் கம்பி இன்னும் இருக்கா?"

"எந்தக் கம்பி?"

"அதான்... கொக்கி."

அவள் விரல் நுனியில் ஆயில் இருந்தது. முந்தானையிலும் ஒரு சொட்டு. காதைப் பார்த்தேன். இடது காதில் தோடு இருந்தது. வலது காதில் இல்லை.

"இப்ப வாசல்ல நிறுத்திட்டுக் குனிஞ்சு ஆயில் பாத்தேன்ப்பா. அவ்வளவுதான். மாமாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க."

கதவுக்குப் பின்னால் கையை விட்டுக் கொக்கியை எடுத்தேன். கொடுப்பதற்கு முன்னால், பழக்க தோஷம், கேட்டேன்.

"எத்தனம்மா?"

வளர்மதி தலையைக் குனிந்துகொண்டு இரண்டு விரலைக் காட்டினாள்.

"திருகும் சேத்து."